நெடுந்தீவோ, நயினாதீவோ? ஒருநாள் பயணத்தில் தீவுத் தெரிவு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்து இறங்கிய ஒரு குடும்பம், ஒரேயொரு நாளையும் ஒரேயொரு வாடகை வானையும் கைவசம் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு தீவுகளில் எதற்குப் போகிறது, ஏன் போகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குடும்பம் சொல்லும் காரணத்துக்கும் உண்மைக் காரணத்துக்கும் நடுவில் கிடக்கும் கடல், குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் கிடக்கும் கடலைவிட அகலமானது என்பது இங்கே நிறுவப்படும். திறவுச்சொற்கள்: தீவு, மாமா, சோளகம், சோறு.

1. ஆய்வுப் பிரச்சினை

பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய், அங்கிருந்து கடலுக்கு நடுவே நீளும் தாம்போதியால் புங்குடுதீவை அடைந்து, தெரு முடியுமட்டும் ஓடினால் குறிகட்டுவான் இறங்குதுறை. சிலர் குறிகாட்டுவான் என்றும் எழுதுகிறார்கள். குறி காட்டுவதுதான் இந்த இடத்தின் தொழில் என்றால், எந்தத் தீவுக்குப் போவது என்ற குறியை மட்டும் அது எங்கள் குடும்பத்துக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

துறையில் நின்றால் நயினாதீவுக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும். படகில் கால் மணி நேரம், மிஞ்சினால் 20 நிமிடம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடவேண்டும். நயினாதீவின் பரப்பு 4 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெடுந்தீவினது 50க்குக் கிட்ட. பெரியதற்குள் சின்னதை ஒரு டசின் தரம் வைக்கலாம். ஆனால் பரப்பளவு பார்த்துத் தீவு தெரிந்த குடும்பம் எதையும் இவ்வாய்வாளன் இதுவரை சந்திக்கவில்லை.

2. முன்னாய்வுகள்

இத்துறையில் முதலில் பதிவான தகராறு மகாவம்சத்தில் இருக்கிறது. நாகதீவில் மகோதரன் என்றொரு நாக அரசன். அவனுடைய தங்கை மகன் சூளோதரன். மணி இழைத்த சிம்மாசனம் ஒன்று யாருக்கு என்பதில் மாமனும் மருமகனும் படை திரட்டிக்கொண்டு நின்றார்கள். புத்தர், ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில், இரண்டாம் தடவையாக இலங்கைக்கு வந்து, போர்க்களத்துக்கு மேலே ஆகாயத்தில் இருந்தபடி போதித்து அவர்களைச் சமாதானப்படுத்தினார். முடிவில் இருவருமாக அந்த ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். நயினாதீவிலுள்ள நாகதீப விகாரை இந்த வரவின் நினைவாக நிற்கிறது.

சிம்மாசனத்தைப் பற்றியும் நாகர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், சண்டை பிடித்தவர்கள் என்ன முறை என்பதைக் கண்டுகொள்ளவில்லை. தகப்பனும் மகனுமா? இல்லை. அண்ணன் தம்பியா? அதுவும் இல்லை. தாய்மாமனும் மருமகனும். இந்தக் கடலில் தீவுத் தகராறு தாய்மாமன் வழியாகத்தான் வரும் என்பது இக்கட்டுரையின் முதலாவது கருதுகோள்.

ஈழத்தில் வழங்கும் கண்ணகி கதையிலோ தகராறு இரண்டு தீவுகளையும் பிடித்துக்கொள்கிறது. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டும். அதை நாகதீவிலிருந்து எடுத்துவர மீகாமன் கப்பலேறுகிறான். வழியில் நெடுந்தீவின் வெடியரசன் மறிக்கிறான். பெரும் சண்டை மூளுகிறது. வெடியரசன் கோட்டை என்று நெடுந்தீவில் இன்றும் ஒரு கற்சிதைவைக் காட்டுவார்கள். ஆகவே நாகதீவுக்குப் புறப்பட்டவனை நெடுந்தீவு மறிப்பது புதுப்பழக்கம் இல்லை. நானும் அதைத்தான் செய்தேன்.

3. தகவலாளர்கள்

தரவு சேகரிப்பு ஓர் ஓகஸ்ட் மாத இரவில், கொக்குவில் வீட்டு விறாந்தையில், பருத்தித்துறை வடையும் தேநீரும் சகிதம் நடந்தது. பெரிய மாமா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நயினாதீவுக் கட்சி. நான் அவருடைய மருமகன், நெடுந்தீவுக் கட்சி. மச்சாள் இரண்டு பிள்ளைகளோடு கனடாவிலிருந்து வந்திருந்தாள். கழிப்பறை எப்படி இருக்கும் என்ற ஒற்றை மாறியை வைத்து இரண்டு தீவுகளையும் நிராகரித்தவள் அவள். என் தம்பிக்குத் தீவு ஒரு பொருட்டில்லை. மத்தியானம் எங்கே சாப்பாடு என்பது மட்டும் அவனுக்குத் தெரியவேண்டும். அம்மம்மாவுக்கு 84 வயது. சாய்மனைக் கதிரையில் இருந்தபடி வெற்றிலை இடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றும் சொல்லாதவரைத் தகவலாளராகக் கொள்வது முறையியலுக்கு அடுக்குமா என்று கேட்கலாம். எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் கேட்பார்கள்.

4. குதிரை வாதம்

நெடுந்தீவுக்காக நான் முன்வைத்த சான்றுகள் கனமானவை. முதலாவது மட்டக்குதிரைகள். மனிதர் ஏறாத, கடிவாளம் காணாத குதிரைகள் வெட்டவெளியில் கூட்டமாக மேயும் இடம் இந்நாட்டில் வேறெங்கே? போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவை என்பார்கள், ஒல்லாந்தர் வளர்த்தவை என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே குதிரைப் பண்ணை நடத்தினார். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கூரையும் குதிரையும் வெளியே போய்விட்டன.

"குதிரை பாக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் கடலில போகவேணுமோ?" என்றார் மாமா. "குதிரை நயினாதீவிலயும் இருக்கு."

"எங்கை மாமா?"

"கல்வெட்டில."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மாமா சொன்னது முழு உண்மை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறித்த கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து கூடவேண்டும் என்றும், யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்றும் அது சொல்கிறது. மற்றச் சரக்கு ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. உடைந்த கப்பலுக்கும் கணக்கு வைத்திருந்த ஊர் என்பதில் கணித ஆசிரியருக்குத் தனிப் பெருமை. உயிருள்ள குதிரையைக் கல்லில் வெட்டிய குதிரையால் வெல்வது ஆய்வு நெறிக்கு ஒத்ததா என்று கேட்டேன். "எழுத்தில இருக்கிறதுதான்ரா சான்று" என்று வடையை எடுத்தார்.

பெருக்குமரத்துக்குப் போனேன். ஆபிரிக்காவுக்கு உரிய மரம். அரேபிய வணிகரோடு வந்தது என்று கருதப்படுவது. அடிமரத்தில் உள்ள பொந்துக்குள் ஆட்கள் போய் நிற்கலாம். "மன்னாரிலயும் நிக்குது" என்றார். அதுவும் சரி. புறாக்கூட்டைச் சொன்னேன்: தூது போகும் புறாக்களுக்காகக் கட்டிய, பொந்து பொந்தாக இருக்கும் ஒற்றைத் தூண். "ஃபோன் வேலை செய்யாதெண்டு நீயே ஒத்துக்கொள்ளுறாய்" என்றாள் மச்சாள்.

முருகைக்கல் வேலிகள்தான் என் கடைசிச் சீட்டு, உண்மையில் நான் காணத் துடித்ததும் அவற்றைத்தான். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. கடலில் விளைந்த கல்லைக் கையால் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக் கட்டிய மதில்கள் ஒழுங்கையின் இரு பக்கமும் நீண்டு போகும். இடுக்குகளால் காற்றுப் புகுந்து போவதால் சோளகக் காற்றுக்கும் விழாது நிற்கும். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் ஆண்டுக்கு ஆண்டு அடைக்க வேண்டியவை. அங்கே பேரன் காலத்து வேலியைப் பேரப்பிள்ளை அப்படியே கையேற்கிறான். ஒரு வேலிக்காகக் கடல் தாண்டலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. விறாந்தையில் இருந்த எவரும் அதை வழிமொழியவில்லை.

இடைக்குறிப்பு: ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம். எல்லாம் உப்புக்காற்றில் கரைந்துபோக, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு முன்வந்த போர்த்துக்கேயர் அதைப் பசுக்களின் தீவு என்றார்கள். கனடாப் பிள்ளைகளிடம் "நாளைக்கு டெல்ஃப்டுக்குப் போவம்" என்று சொல்லிப் பார்த்தேன். மூத்தவன் கடவுச்சீட்டைத் தேடப் போனான்.

5. சோற்று வாதம்

மாமா தொடங்கியது சக்தி பீடங்களிலிருந்து. 64 பீடங்களில் ஒன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் என்பது ஐதிகம். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை, நேரே மணிமேகலைக்குத் தாவினார். காப்பியத்தில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று பலர் கொள்வார்கள். மணிமேகலா தெய்வம் மணிமேகலையைத் தூக்கிவந்து இறக்கிய இடம், புத்த பீடிகை இருந்த இடம், கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வந்த இடம். அட்சய பாத்திரத்தின் ஊர் என்பதால் அங்கே சோற்றுப் பஞ்சம் வராது என்றார். கோவிலில் இன்றும் அடியார்களுக்கு மதியச் சோறு போடும் அன்னதான சபையின் பெயர் என்ன தெரியுமா? அமுதசுரபி.

தம்பி அந்த இடத்திலேயே கட்சி மாறினான்.

காப்பியத்தில் வரும் காயசண்டிகைக்கு யானைத்தீ என்றொரு பசிநோய் இருந்தது. எவ்வளவு தின்றாலும் ஆறாது. அமுதசுரபிச் சோற்றில்தான் ஆறியது. தம்பிக்கு இருப்பது அதே நோய் என்று வீட்டில் நெடுநாளாக ஒரு சந்தேகம். ஆகவே அவனுடைய கட்சித் தாவலை அரசியலாகப் பார்க்காமல் மருத்துவமாகப் பார்ப்பதே நியாயம்.

ஆனால் அதே காப்பியத்தில் மாமா சொல்லாமல் விட்ட ஒரு பகுதியை நான் எடுத்துப் போட்டேன். மணிமேகலைக்கு முன் அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன் என்ன ஆனான்? சாவகத்துக்குக் கப்பலேறியவன், காற்று மிகுந்து மணிபல்லவத்தில் கப்பலை நிறுத்தியபோது இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விட்டது. கையில் எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். சோறு வாங்கத் தீவில் ஓர் ஆள் இல்லை. பாத்திரத்தைக் கோமுகியில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து உயிர் விட்டான். இந்தக் கடலில் படகைத் தவறவிட்ட முதற் பயணி அவன்தான். தமிழ் இலக்கியம் இதைத் துறவு என்று வாசிக்கிறது. நான் நேர அட்டவணைப் பிரச்சினை என்று வாசிக்கிறேன்.

"அப்ப படகைத் தவறவிட்டால் நயினாதீவிலயும் ஆபத்துத்தானே" என்றேன்.

"நயினாதீவுக்கு அடுத்த படகு வரும்" என்றார் மாமா. "நெடுந்தீவில தவறவிட்டால் நீ ஆபுத்திரன்."

6. காற்று

சோளகம் வைகாசிக்குப் பிறகு எழுந்து, ஆவணி தாண்டியும் அடிக்கும். நெடுந்தீவுக் கடல் அப்போது எழும்பி எழும்பி விழும். படகில் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் பை கையோடுதான் இருப்பார்கள். நாங்கள் நின்றது ஓகஸ்டில். இந்தப் பிரிவை இதற்கு மேல் வளர்க்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் என் கட்சிக்கு எதிரான மிக வலுவான சான்று இதுதான்.

7. செலவு

மாமா கொடுத்தார்.

8. ஒரு கேள்வி

இரவு பத்து மணியாகியிருக்கும். வெற்றிலை இடிப்பது நின்றது.

"நெடுந்தீவுக்கு இப்ப எந்தப் படகு போகுது?" என்றார் அம்மம்மா.

"வடதாரகை எண்டு ஒண்டு ஓடுது அம்மம்மா. வேறயும் ஓடுது."

"குமுதினி?"

நான் பதில் சொல்வதற்கு முன் மாமா எழுந்து போய்க் கேற்றைப் பூட்டினார். அவர் எப்போதும் பதினொரு மணிக்குத்தான் பூட்டுவார்.

1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டது. அதில் வந்த சனங்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். விறாந்தையில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். மாமா ஒரு மணி நேரமாகக் கல்வெட்டையும் காப்பியத்தையும் துணைக்கு இழுத்தது எதைச் சொல்லாமல் இருப்பதற்காக என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பிரிவுக்கு முறையியல் கிடையாது.

9. களப்பணி

காலையில் வான் வந்தது. தகராறு இப்போது தீவை விட்டு முன்சீற்றுக்கு இடம்பெயர்ந்தது. ஏசி நேராக முகத்தில் அடிக்கும், கால் நீட்டலாம், சாரதியோடு கதைக்கலாம்: மணி இழைக்காத குறை ஒன்றுதான். வழி எனக்குத்தான் தெரியும் என்றேன் நான். முழங்கால் தனக்குத்தான் நோகிறது என்றார் மாமா. இரண்டு பேரும் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு நிற்கையில் அம்மம்மா பொல்லை ஊன்றி வந்தார். இருவரும் கையை எடுத்தோம். மகாவம்சத்துக்குப் புறம்பான ஒரே அம்சம், அம்மம்மா ஆகாயத்தில் இருக்கவில்லை என்பதே. ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் வைக்க வேண்டியிருந்தது.

நயினாதீவுப் படகில் உயிர்காப்பு அங்கி தந்தார்கள். அம்மம்மா அதைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, தலைப்பை அங்கிக்கு மேலே இழுத்துவிட்டார். பக்கத்தில் வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரிகர்கள், தாமரைப் பூ, பனங்கட்டிக் குட்டான், அழுகிற ஒரு குழந்தை. கோவில் துறையில் இறங்குகிறவர்களும் விகாரைத் துறையில் இறங்குகிறவர்களும் ஒரே படகில்தான் வருகிறார்கள். இரண்டு துறைக்கும் இடையில் சிறு நடைதான். பெரும்பாலானவர்கள் இரண்டையும் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். எதற்குப் போவது என்ற கேள்வியை இப்படியும் தீர்க்கலாம் என்பது எங்கள் விறாந்தையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோவிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். மாமாவின் வயிறு மகோதரன் என்ற பெயரின் பொருளை விளக்கியது: பெரிய வயிறு உடையவன். என் பக்கம் சூளோதரனுக்குரிய சிறு வயிறு தற்போதைக்கு இருக்கிறது. பிற்கால ஆய்வாளர்கள் இதை மறுபரிசீலனை செய்யலாம்.

அன்னதான மண்டபத்தில் நீள வரிசையாகப் பந்தி. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம், பாயாசம். தம்பி மூன்றாம் தரம் கேட்டான், போட்டார்கள். நான்காம் தரம் அவனே கையை மறித்தான். யானைத்தீ பற்றிய காப்பியச் செய்தி களத்தில் உறுதிப்படுத்தப்பட்டது. மச்சாள் கழிப்பறைக்குப் போய்வந்து "பரவாயில்லை" என்றாள். அவளிடமிருந்து அதுதான் உச்சமான மதிப்பெண்.

பின்னேரம் குறிகட்டுவானில் வந்து இறங்கியபோது நெடுந்தீவுப் படகும் வந்திருந்தது. சைக்கிள், வெறும் காஸ் சிலிண்டர், மருந்துக் கொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்த ஒரு கிழவர், சீருடை கழற்றாத இரண்டு பெண்பிள்ளைகள். எனக்கு உல்லாசப் பயணத் தெரிவு. அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போகும் வழி. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிய ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"குதிரை பாக்க வாற ஆக்களோ?" என்றார்.

"வரவேணும் எண்டு ஆசை அக்கா. இந்த முறை சரிவரேல்லை."

"காலமை வந்து பின்னேரம் ஓடுற ஆக்கள் ஒண்டும் பாக்கிறேல்லைத் தம்பி. ஆட்டோக்காரன் மரத்தைக் காட்டுவான், கோட்டையைக் காட்டுவான், படகுக்கு நேரமாச்செண்டு கொண்டுவந்து விடுவான். குதிரை வெய்யில் தாழத்தான் தண்ணிக்கு வரும். அந்நேரம் நீங்கள் இஞ்ச நிப்பியள்." பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "இப்ப தண்ணியும் இல்லை. கோடையில அதுகள் விழுந்து சாகுதுகள். மாரி கழிய வாங்கோ" என்றார்.

முந்தின இரவு முழுவதும் இரண்டு கட்சியும் அடிபட்டது தவறான கேள்விக்காக. ஒருநாள் கைவசம் என்று தொடங்கிய அன்றே நெடுந்தீவு போட்டியை விட்டு விலகிவிட்டது. அங்கே ஓர் இரவாவது தங்க மனமில்லாதவன் குதிரையைப் பற்றி வாதாடவே தகுதி இல்லாதவன். நான் ஐந்து தரம் வாதாடினேன்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் தோற்றவனைப் பார்க்கும் பார்வை பார்க்கவில்லை. "மாசியில வா. ரெண்டு பேரும் போவம். நிண்டு பாப்பம்" என்றார். முன்சீற்றில் இருந்த அம்மம்மா கண்ணை மூடியிருந்தார். நித்திரையா இல்லையா என்று தெரியவில்லை.

10. தீர்ப்பு

ஒரே நாள் என்றால், சோளகக் காலம் என்றால், வயதுபோனவர்கள் கூட வருகிறார்கள் என்றால், நயினாதீவு. தை மாசியில் ஓர் இரவு தங்கப் பையைக் கட்டினால் நெடுந்தீவு. குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், திரும்புகிற படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே இரண்டு பேரிடம் கேளுங்கள். நயினாதீவுக்குப் போகிறவர்கள் மதியப் பூசை முடிந்த கையோடு மண்டபத்து வரிசைக்குப் போய்விடவும். விகாரையைப் பார்த்துவிட்டு ஆறுதலாக வந்த எங்கள் வான் சாரதிக்குச் சோறு கிடைத்தது, பாயாசம் முடிந்துவிட்டது.